விஷக் கிழங்கை விரும்பிப் பயிரிடும் ஊர்கள்: ரியோ நெக்ரோ மரவள்ளி

கேள்வி இதுதான்: "மரவள்ளிக்கிழங்கை மூடாமல் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அதில் விஷம் இருக்கிறது என்று என் மாமியார் சொல்கிறார். ஆனால் அமேசான் காட்டில் விஷம் அதிகமுள்ள வகையைத்தான் தேடிப் பயிரிட்டு தினமும் சாப்பிடுகிறார்கள் என்று படித்தேன். உண்மையா? ஏன் அப்படி? காட்டை எரித்துப் பயிரிடுகிறார்களாமே, அது காட்டுக்குக் கேடில்லையா?"

உண்மைதான். வேண்டுமென்றேதான் பயிரிடுகிறார்கள். உங்கள் மாமியார் சொல்வதும் நம்ம ஊர்க் கிழங்குக்குச் சரிதான், ஆனால் அவர் சொல்லும் முறையில் அந்த அமேசான் கிழங்கைச் சமைத்தால் ஆபத்து. அது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும். அதனால் விஷத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பக்கம் இதைக் குச்சிக்கிழங்கு என்போம். கன்னியாகுமரிப் பக்கம் மரச்சீனி. சின்ன வயதில் கிழங்கு வெட்டும் காலத்தில் வீட்டில் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: வெட்டிப்போட்ட செடிப் பக்கம் ஆட்டை விடாதே. ஒருமுறை பக்கத்துத் தோட்டத்தில் கட்டை அவிழ்த்துக்கொண்ட ஒரு வெள்ளாடு வாடிய மரவள்ளித் தழையை மேய்ந்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் மூச்சு இறைத்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அதே செடியின் கிழங்கை அன்று சாயங்காலம் நாங்கள் மிளகாய்ச் சட்னியோடு சாப்பிட்டோம்.

செடிக்குள் நடப்பது இது. மரவள்ளியின் செல்களுக்குள் லினமரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. சர்க்கரையோடு சயனைடைக் கட்டிப்போட்ட மாதிரியான ஒன்று. அது தனியாக இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்யாது. அதை உடைக்கும் நொதி செல்லின் சுவரில், வேறு அறையில் இருக்கிறது. பூச்சி கடித்தாலோ, ஆடு மென்றாலோ, நாம் துருவினாலோ சுவர் உடைந்து இரண்டும் சந்திக்கும். அப்போது ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். அது 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும் பொருள். அதாவது அமேசான் காட்டிலும் சேலத்திலும் சாதாரணப் பகல் வெயிலே போதும்.

இப்போது உங்கள் மாமியாரின் கொதிநீருக்கு வருவோம். முழுக்கிழங்கைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் முதலில் சாவது அந்த நொதிதான். லினமரின் சூட்டுக்கு அசைவதில்லை. உடைக்க ஆளில்லாமல் கிழங்குக்குள்ளேயே தங்கிவிடும், நம் வயிற்றுக்குப் போய் அங்கே கொஞ்சம் உடையும். லினமரின் குறைவாக இருக்கும் வகை என்றால் பாதகமில்லை. தண்ணீரில் கரைந்து வெளியேறுவது போக மீதியை உடம்பு சமாளித்துக்கொள்ளும். அதிகமுள்ள வகை என்றால் "நன்றாக வேகவைத்துவிட்டேனே" என்பது எந்தக் காப்பும் இல்லை. ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு வரக்கூடிய வகைகளைக் கசப்பு வகை என்றும், அதற்குக் குறைந்தவற்றை இனிப்பு வகை என்றும் உலக உணவுத் தர விதிகளான கோடெக்ஸ் பிரிக்கிறது. கசப்பு வகைகளில் சில இதைப் போலப் பல மடங்கு போகும். தின்னத் தயாரான மாவில் கிலோவுக்கு 10 மில்லிகிராம்தான் இருக்கலாம்.

ஆக, வேகவைத்து மட்டும் சாப்பிட முடியாத கிழங்கு அது. முதலில் சிதைக்க வேண்டும், பிழிய வேண்டும், காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் நெருப்பு. இந்த வரிசையைப் பிசகாமல் செய்வதில் கைதேர்ந்த ஊர்களில் எனக்குக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்தது அமேசானின் வடமேற்கு மூலை. "அமேசான் மக்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் தப்பாகிவிடும். பெரு, எக்வடோர் பக்கத்து மலையடிவாரக் காடுகளில் ஷுவார், அஷானின்கா போன்ற மக்கள் பெரும்பாலும் இனிப்பு வகையைத்தான் பயிரிடுகிறார்கள், நம்மைப் போல அவித்துத் தின்கிறார்கள், மென்று துப்பிப் புளிக்கவைத்துப் பானமும் செய்கிறார்கள். கசப்பு ராஜ்யம் ரியோ நெக்ரோ ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது.

ரியோ நெக்ரோ என்றால் கறுப்பு ஆறு. பிரேசில், கொலம்பியா எல்லைப் பக்கத்தில் அதோடு வாவுப்பேஸ், இசானா என்ற கிளையாறுகள் வந்து சேர்கின்றன. தண்ணீர் கடுந்தேநீர் நிறம். உதிர்ந்த இலைகளின் சாறு ஊறிய நிறம் அது. வெள்ளை மணல்மீது வளர்ந்த காட்டிலிருந்து வரும் தண்ணீரில் சத்தே கிடையாது, புளிப்புத்தன்மை அதிகம், மீன் குறைவு. பசி ஆறுகள் என்றே இப்படிப்பட்ட ஆறுகளுக்குப் பெயர் உண்டு. பசுமையைப் பார்த்து "என்ன விதைத்தாலும் விளையும்" என்று நினைத்து வந்தவர்கள் ஏமாந்து போன நிலம். பிரேசில் பக்கத்தில் மட்டும் 23 பழங்குடி இனங்கள் வாழ்கின்றன. டுகானோ, டெசானா, துயுகா, பனிவா, ஹுப்டா என்று. அங்கே பெரிய ஊர் என்றால் சாவ் காப்ரியேல் ட கஷோயிரா. மற்றதெல்லாம் ஆற்றங்கரையில் சிதறிக் கிடக்கும் சின்னக் குடியிருப்புகள்.

அந்த மண்ணில் நெல்லோ சோளமோ பிழைப்பது கஷ்டம். மரவள்ளி பிழைக்கும். புளித்த மண்ணையும் பாஸ்பரஸ் பற்றாக்குறையையும் தாங்கும் பயிர்கள் அதைப் போல அதிகம் இல்லை. அதோடு அதற்குக் களஞ்சியம் தேவையில்லை. முற்றிய கிழங்கை மண்ணிலேயே விட்டுவைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு தோண்டிக்கொள்ளலாம். எலிக்கும் பூஞ்சைக்கும் பயந்து தானியத்தைக் காக்கவேண்டிய ஈரக்காட்டில் இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஏன் கசப்பு வகை? வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், விஷம் இருந்தால் பூச்சியும் விலங்கும் தொடாது என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, பாதிதான் உண்மை. இலைவெட்டி எறும்புகள் ஒரே இரவில் ஒரு தோட்டத்தை மொட்டையடித்துவிடும். அகூட்டி என்ற பெரிய கொறிப்பான் கிழங்கைத் தோண்டித் தின்னும். இந்த இரண்டுக்கும் கசப்பு ஒரு பொருட்டில்லை. (பழிக்குப் பழி என்று சொல்வதா தெரியவில்லை, அந்த எறும்புகளைப் பிடித்து அப்பத்தோடு வைத்துத் தின்பதும் அங்கே வழக்கம். அகூட்டியும் குழம்புச் சட்டிக்கு வரும்.) வாவுப்பேஸ் கரையில் டுகானோ மொழிக் குழு ஊர் ஒன்றில் இரண்டு வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து ஒப்பிட்டபோது கசப்பு வகை கூடுதலாக விளைந்தது. இது ஒரு நல்ல காரணம். ஆனால் அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டால் முதலில் ருசியைத்தான் சொல்கிறார்கள். நல்ல அப்பம், நல்ல பொரிமாவு, நல்ல கஞ்சி எல்லாம் கசப்பு வகையில்தான் வரும். இனிப்பு வகை நாலு செடி ஓரத்தில் நிற்கும், பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்க. நம் வீட்டில் இட்லிக்கு ஒரு அரிசி, சாப்பாட்டுக்கு ஒரு அரிசி என்பது போலத்தான். "இரண்டும் அரிசிதானே" என்று நம் அம்மாக்களிடம் சொல்லிப் பாருங்கள்.

இனி ஒரு கூடைக் கிழங்கு அப்பமாவதைப் பார்ப்போம்.

பெண்கள் காலையில் தோட்டத்துக்குப் போய்க் கிழங்கு தோண்டி, அதுரா என்ற கொடிக்கூடையில் நிரப்பி, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் சுமந்து வருவார்கள். அதுரா பின்னுவது ஹுப்டா மக்களின் கைவரிசை. தோலைச் சீவிக் கழுவி, அடுத்தது துருவுதல். துருவுபலகை என்பது உட்குழிந்த நீளப் பலகையில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வெள்ளைக் கற்சில்லுகளை வடிவம் வடிவமாகப் பதித்து, மரப்பிசின் பூசி இறுக்கியது. அது பனிவா மக்களின் தனித்தொழில். இசானா ஆற்றில் செய்த பலகை பல நாள் படகுத் தூரம் தாண்டி வேறு இனத்தார் வீடுகளில் இருக்கும். டுகானோ மக்கள் செதுக்கும் மணைக்கும் அதே மதிப்பு. எல்லோருக்கும் எல்லாம் செய்யத் தெரிந்தாலும், இது இன்னார் செய்வது என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அப்போதுதானே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக வேலை இருக்கும். இது என் ஊகம் மட்டுமல்ல. பொருளையும் உணவையும் இனங்களுக்குள் மாற்றிக்கொள்ள தபுகுரி என்றே ஒரு விழா உண்டு. ஒரு கூட்டம் பழமோ மீனோ கொண்டுபோய்க் குவிக்கும், மற்றக் கூட்டம் மரவள்ளிக் கள் ஊற்றி வரவேற்கும், ஆட்டம் விடியவிடிய நடக்கும்.

துருவிய கூழில்தான் நொதியும் லினமரினும் சந்திக்கின்றன. அடுத்து முக்காலியில் கட்டிய பெரிய சல்லடைமேல் கூழைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிப் பிசைவார்கள். தேங்காய்ப்பால் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். நார் மேலே நிற்கும், பால் கீழே இறங்கும். அந்தப் பாலைத் தொடாமல் வைத்தால் வெள்ளை மாவு அடியில் படியும், தெளிந்த சாறு மேலே நிற்கும். பிரேசில் பழங்குடிகளின் பழைய துப்பி மொழியில் அந்தப் படிமாவுக்கு இருந்த பெயர்தான் போர்ச்சுகீசியர் வாயில் தப்பியோக்கா ஆகி, உலகம் சுற்றி, கேரளத்துக்கும் நமக்கும் வந்தது.

நின்ற நாரைப் பிழிய ஒரு கருவி. அதைக் கண்டுபிடித்தவருக்கு எந்த நாட்டிலும் சிலை வைக்கவில்லை. பெயர் திப்பிட்டி. அருமா என்ற நாணல் பட்டையைக் குறுக்குமறுக்காகப் பின்னிய நீளமான குழாய், ஆள் உயரம் இருக்கும், இரண்டு முனையிலும் வளையம். மேல்வளையத்தை உத்தரத்தில் மாட்டி, குழாயை அமுக்கிக் குட்டையாக்கினால் அகலமாகும். அப்போது ஈர நாரைத் திணிப்பார்கள். கீழ்வளையத்தில் ஒரு கழியைச் செருகி அதன்மேல் ஒரு பெண் உட்கார்ந்தால் குழாய் நீளும். நீள நீள ஒடுங்கும், ஒடுங்க ஒடுங்கச் சாறு பின்னல் வழியே பிதுங்கி வழியும். ஆணி இல்லை, திருகு இல்லை. வேலை முடிந்ததும் சுவரில் மாட்டிவிடலாம்.

வழிந்த சாற்றில்தான் விஷத்தின் பெரும்பங்கு இருக்கிறது. கோழியோ நாயோ பச்சையாகக் குடித்தால் செத்துவிடும். அதையும் வீணாக்குவதில்லை என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. மணிக்கணக்காகக் கொதிக்கவைத்தால் சயனைடு ஆவியாகிப் போய், லேசான இனிப்புள்ள மனிகுயேரா என்ற பானம் மிஞ்சும். சாயங்காலம் சூடாகக் குடிப்பார்கள். இன்னும் சுண்டக் காய்ச்சினால் கறுப்பாக, கெட்டியாக, புளிப்பும் உப்புமாக ஒரு சாறு வரும், கறுப்புத் துகுபி. மீன்குழம்பில் ஒரு கரண்டி விட்டால் போதும். இப்போது பிரேசிலின் பெருநகர உணவகங்களில் அதற்குத் தனி மரியாதை.

முந்தின நாள் படிந்த மாவையும் பிழிந்து உதிர்த்த நாரையும் கலந்து, ஒரு மீட்டருக்கும் மேல் அகலமுள்ள வட்டத் தட்டில் பரப்பிச் சுட்டால் பெய்ஜு. எண்ணெய் கிடையாது, உப்பு கிடையாது. தன் சூட்டிலேயே மாவு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பெரிய தட்டு அளவு மொறுமொறு அடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு வழியும் உண்டு. கிழங்கை மூன்று நான்கு நாள் ஓடைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அது இளகியதும் பிசைந்து, பிழிந்து, தட்டில் கிளறிக்கிளறி வறுத்தால் பொரிமாவு, ஃபரிஞ்யா. மாதக்கணக்கில் கெடாது. பயணத்தில் ஒரு பிடி மாவை ஆற்றுத் தண்ணீரில் போட்டுக் கலக்கிக் குடித்தால் அதுவே சாப்பாடு. பெயர் ஷிபே. நம் நீராகாரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.

தினசரிச் சாப்பாடு என்றால் கிஞ்யாபிரா. மிளகாயும் மீனும் என்பதே அந்தச் சொல்லின் பொருள். தண்ணீராக, கண்ணில் நீர் வரும் காரத்தோடு ஒரு மீன்சாறு. பெய்ஜுவைப் பிய்த்து அதில் தோய்த்துத் தின்பது. பல ஊர்களில் காலையில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் சட்டியை ஊர்ப்பொதுக் கொட்டகைக்குக் கொண்டுவந்து வைக்க, எல்லோரும் எல்லாச் சட்டியிலும் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, மாவுக்கஞ்சி குடித்துவிட்டு, அன்றைய வேலையைப் பேசிக் கலைவார்கள். மீன் கிடைக்காத வீட்டுச் சட்டியில் மிளகாய்ச்சாறு மட்டும் இருக்கும், அதையும் வைப்பார்கள். மிளகாய் அங்கே வெறும் காரத்துக்கு இல்லை. பச்சை மீனிலும் இறைச்சியிலும் இருக்கும் நோய்த்தீமையைக் கொல்வது அதுதான் என்று நம்புகிறார்கள். குழந்தைக்கு முதன்முதலாக மீன் கொடுக்கும்போதும், பெண் பூப்பெய்திய பின்னும், ஓதத் தெரிந்த பெரியவர் உணவை மந்திரித்துக் கொடுத்த பிறகே சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். மரவள்ளி, மிளகாய், மீன் ஒவ்வொன்றுக்கும் தனி ஓதல்.

இதில் ஆண்கள் எங்கே என்று கேட்பீர்கள். மரம் வெட்டுவது, எரிப்பது, மீன், வேட்டை, கூடையும் திப்பிட்டியும் பின்னுவது ஆண்கள் வேலை. நட்ட பின் தோட்டம் பெண்ணுடையது. செடிகள் யாருடையவை என்றால் அவளுடையவை. இது சும்மா பேச்சுக்கு இல்லை. பெரும்பாலான டுகானோ மொழிக் குழுக்களில் தன் மொழி பேசுபவரை மணக்கக் கூடாது. மொழிதான் குலம், அதுவும் அப்பா வழி. எனவே மணப்பெண் எப்போதும் வேற்று மொழிக்காரி, வேற்று ஊர்க்காரி. புகுந்த வீட்டுக்கு அவள் கொண்டுவரும் சீரில் அம்மாவின் தோட்டத்து மரவள்ளிக் குச்சிகளும் உண்டு. அங்கே மாமியாரும் தருவார், அக்கம்பக்கத்தாரும் தருவார்கள். சில வருடத்தில் அவள் தோட்டத்தைப் பார்த்தால் அவள் வாழ்ந்த வழி தெரியும்: இது அம்மா தந்தது, இது நாத்தனார், இது அந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் பெயர். அந்த வட்டாரத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மரவள்ளி வகைகள் இப்படிக் கை மாறிக்கொண்டிருக்கின்றன. பணத்துக்கு விற்பதில்லை. ஒருத்தி தோட்டம் அகூட்டியாலோ எறும்பாலோ போய்விட்டால், தான் கொடுத்த வீடுகளிலிருந்தே திரும்ப வாங்கிக்கொள்வாள். விதைவங்கி என்று நாம் கட்டடம் கட்டிச் செய்வதை அவர்கள் கல்யாணம் கட்டிச் செய்கிறார்கள்.

குச்சி நட்டு வளர்ப்பது என்றால் எல்லாம் ஒரே செடியின் நகல்தானே, புதிய வகை எப்படி வரும்? பழைய தோட்டத்துச் செடிகள் பூத்துக் காய்த்து விதை சிதறும். எறும்புகள் அதை இழுத்துப் போய் மண்ணில் புதைக்கும். தோட்டம் காடாகி, பல வருடம் கழித்து அதே இடத்தை மறுபடி வெட்டி எரித்தால், சூடு பட்ட விதை முளைக்கும். களையெடுக்கும் பெண் அதைப் பிடுங்காமல் விட்டுவைத்துப் பார்ப்பாள். கிழங்கு நன்றாக இருந்தால் பெயர் வைத்துக் குச்சி எடுப்பாள். நெருப்பு இல்லாவிட்டால் இந்த வழி அடைத்துப்போகும்.

நெருப்பைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வந்துவிட்டோம். மழை குறைந்த வாரங்களில் அரை ஹெக்டேர் முதல் ஒரு ஹெக்டேர் வரை காட்டை வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, எரிக்கிறார்கள். அந்த மண்ணில் சத்து இருப்பதே மரங்களின் உடம்பில்தான். சாம்பல் அதைத் தரைக்கு இறக்குகிறது, மண்ணின் புளிப்பையும் குறைக்கிறது. எப்போது எரிப்பது என்பதுதான் சூதாட்டம். ஆண்டு முழுக்க மழை பெய்யும் ஊரில் வெயில் தொடர்ந்து பத்து நாள் கிடைப்பது அதிர்ஷ்டம். அதனால் வானத்து விண்மீன் கூட்டங்களைப் பாம்பு, அர்மடில்லோ (ஓடு போர்த்த ஒரு விலங்கு) என்று பெயரிட்டு, எது மேற்கே இறங்கினால் எந்த வெள்ளம், அதற்கப்புறம் எந்தக் குட்டி வெயில் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். குட்டி வெயில்களுக்கு இங்கா வெயில், புபுன்யா வெயில் என்று அப்போது பழுக்கும் பழத்தின் பெயர். எங்கள் பாட்டி மாங்காய் மழை என்பாரே, அந்த ரகம்.

இரண்டு மூன்று வருடம் மரவள்ளி எடுத்தபின் களை ஓங்கும், விளைச்சல் குறையும். உடனே "கைவிட்டுவிட்டுப் போகிறார்கள்" என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எழுதிவிடுவார். அவர்கள் போவதில்லை. நட்டபோதே இடையிடையே புபுன்யா பனை, முந்திரி, இங்கா, உமரி என்று பழமரங்களை வைத்திருப்பார்கள். மரவள்ளி ஓயும்போது அவை காய்க்கத் தொடங்கும். பல வருடம் பழம் பறிக்கவும், பழம் தின்ன வரும் விலங்கை வேட்டையாடவும் அதே இடத்துக்கு வருவார்கள். பத்து இருபது வருடத்தில் அது காடு, மறுபடி வெட்டலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரே சமயத்தில் புதுத் தோட்டம் ஒன்று, விளையும் தோட்டம் ஒன்று, காடாகிக்கொண்டிருப்பது இரண்டு மூன்று என்று இருக்கும். நமக்கு இது புதிதும் இல்லை. குறிஞ்சிப் பாட்டுகளில் தலைவி கிளி ஓட்டும் தினைப்புனம் காட்டைச் சுட்டு விதைத்த இதே மாதிரி நிலம்தான். இலங்கையில் சேனைப்பயிர் என்பதும் இந்த இனம்தான்.

எனவே "கேடில்லையா?" என்பதற்கு என் பதில்: இடமும் காலமும் இருந்தால் இல்லை. அமேசானில் இன்றைக்கு அழிந்து கிடக்கும் காட்டில் பெரும்பங்கு மாட்டு மேய்ச்சல் நிலமாகியிருக்கிறது. அது திரும்பக் காடாக விடப்படாத நிலம். அரை ஹெக்டேர் எரித்து இருபது வருடம் விடுவதையும் அதையும் ஒரே "காடெரிப்பு" என்ற சொல்லில் போடுவது அநியாயம். மேல் ரியோ நெக்ரோ பழங்குடி நிலம் ஏறத்தாழ 80 லட்சம் ஹெக்டேர், 1998இல் சட்டப்படி உறுதியானது. ஆயிரக்கணக்கான தோட்டங்கள் எரிந்தும் அங்கே காடு நிற்கிறது. 2010இல் பிரேசில் அரசின் பண்பாட்டு மரபு நிறுவனமான இஃபான் இந்த ரியோ நெக்ரோ வேளாண் முறையையே நாட்டின் மரபுச் சொத்தாகப் பதிவுசெய்தது. ஒரு கோயிலையோ நடனத்தையோ பதிவது போல, ஒரு பயிர்முறையை.

ஆனால் இடமும் காலமும் எல்லா இடத்திலும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி, மருந்தகம், சம்பளம் என்று ஆட்கள் நகரத்தைச் சுற்றிக் குடியேற, அங்கே நிலம் ஓய்வெடுக்கும் வருடங்கள் சுருங்கிவிட்டன. கற்சில்லுப் பலகைக்குப் பதில் மோட்டார் துருவி பல வீடுகளில் வந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. தினமும் பல மணி நேரம் குனிந்து துருவும் முதுகு என்னுடையதில்லையே. கவலை வேறு இடத்தில்: காலையில் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளை அம்மாவோடு தோட்டத்துக்குப் போவதில்லை, நூறு பெயர்களில் பத்துதான் அவளுக்குத் தெரிகிறது.

செடி மட்டும் போய் முறை கூடப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி உண்டு. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் மரவள்ளியை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மக்கள் ஊறவைத்தும் புளிக்கவைத்தும் தங்கள் வழிகளைக் கண்டுபிடித்தார்கள், பெரும்பாலும் நன்றாகவே. ஆனால் பஞ்சம் வந்து ஊறவைக்கும் நாட்களைக் குறைத்தபோதெல்லாம் கொன்சோ என்ற நோய் வந்தது. திடீரென்று இரண்டு கால்களும் விறைத்து, திரும்பச் சரியாகாத முடக்கம். கொங்கோவின் யாக்கா மொழியில் கட்டுண்ட கால் என்று அர்த்தம். 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில் வறட்சியின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முடங்கினார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சயனைடை உடம்பு வெளியேற்ற கந்தகம் கொண்ட புரதம் வேண்டும். கிழங்கைத் தவிர வேறொன்றும் இல்லாத வயிற்றில் அது இல்லை. ரியோ நெக்ரோவில் பெய்ஜுவோடு பெரும்பாலும் ஒரு துண்டு மீன், இல்லாவிட்டால் எறும்பாவது சேர்வது வெறும் ருசிக்காக மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறதல்லவா. 2017இல் வெனிசுவேலாவில் உணவுத் தட்டுப்பாடு முற்றியபோது, சந்தையிலும் தோட்டத்திலும் கிடைத்த கசப்பு வகையை இனிப்பு என்று நினைத்து அவித்துத் தின்ற சிலர் இறந்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நமக்கு வந்தது நல்லவேளையாக இனிப்புப் பக்கம். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பரப்ப முனைந்தார், எப்படி அவித்துத் தண்ணீரை வடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது கேரளத்து வயிறுகளைக் காத்தது கப்பை என்ற இந்த மரவள்ளிதான். அதே போர்க்காலத்தில்தான் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் முளைத்தது. ஜவ்வரிசி ஆலையில் நடப்பதைப் பார்த்தால் ரியோ நெக்ரோ சமையற்கட்டின் பெரிய வடிவம்தான்: அரை, அலசு, பால் படிய வை, மேல்தண்ணீரை வடி, மாவை வறு. அங்கே அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். இங்கே ஆலைக் கழிவுநீரை மாடு குடித்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறோம்.

இனி உங்கள் அடுப்படி. சந்தையில் சாப்பாட்டுக்கென்று விற்கும் கிழங்கு என்றால் பயம் வேண்டாம். ஜவ்வரிசி ஆலைக்குப் போட்ட கிழங்கை யாராவது பாசமாகக் கொடுத்தால், என்ன வகை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வெளித்தோலோடு அதன் கீழிருக்கும் தடித்த தோலையும் முழுசாக உரியுங்கள், விஷம் அதிகம் தங்குவது அங்கேதான். முழுசாகப் போடாமல் சின்னத் துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள். முடிந்தால் நறுக்கிய துண்டுகளைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு அடுப்பில் ஏற்றலாம். நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடிய பழங்கிழங்கைத் தூக்கிப் போடுங்கள். வாயில் வைத்ததும் கசந்தால், சமைத்துவிட்டோமே என்று பார்க்காமல் துப்பிவிடுங்கள். மரவள்ளி தின்ற அன்று இஞ்சி கூடாது என்று இலங்கையில் கண்டிப்பாகச் சொல்வார்கள். உங்கள் மாமியாருக்கு அது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தொட்டுக்கொள்ள மீன்குழம்பு இருந்தால் ரொம்ப நல்லது.